சுவர்ப் பக்கத்து ஜாயின்ட்

புதிதாக டக்ட் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது சைட்டுக்கு வரத் தொடங்கியிருக்கும் தங்கைகளுக்கும் நான் பாடம் எதுவும் நடத்தப்போவதில்லை. எந்தக் குழாய்க்கு என்ன கனத்தில் தகடு, எவ்வளவு தூரத்துக்கு ஒரு தாங்கி என்பதையெல்லாம் உங்கள் இன்ஜினியர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு ஜாயின்ட்டைப் பற்றி. அதன் நான்கு பக்கங்களில் இரண்டு பக்கம் சுவரையும் கூரையையும் ஒட்டி இருந்தது. கை நுழையாது, கண்ணும் எட்டாது. அந்த இரண்டு பக்கத்தால் ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் போக இருந்தன.

காற்றையும் புகையையும் கொண்டுபோகும் தகரக் குழாய்க்கு டக்ட் என்று பெயர் என்பதே எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் பலருக்குத் தெரியாது. எங்கள் பட்டறை தகரப் பட்டறை. டிரங்குப் பெட்டி, வாளி, புனல், சாயத் தொட்டிக்கு மூடி என்று செய்துகொண்டிருந்தோம். முதலாளி திருப்புட்குழிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார் என்பதால் எங்களுக்கும் வேலை வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். நான் ஓரிக்கைக்காரன். எங்கள் அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். மிஷன் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டு ஈயப்பற்று வைக்கக் கற்றுக்கொண்டு பட்டறைக்கு வந்தவன். என்னோடு இருந்தவர் பாஷா பாய். என்னைவிடப் பெரியவர். ரிவிட் அடிப்பதில் அவருக்கு இணை அன்றைக்கு ஊரில் கிடையாது.

நெசவாளர் சங்கம் ஒன்று சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருந்தது. உள்ளே போனால் எதிரில் நிற்பவன் முகம் தெரியாது, அவ்வளவு ஆவி. அது மட்டுமில்லை. வெளிர் நிறப் புடவைக்கு வேண்டிய நூலை வெளுப்பதற்கு, ஒரு சின்ன அறையில் ஈர நூலைத் தொங்கவிட்டு அடியில் கந்தகம் கொளுத்துவார்கள். கதவைத் திறக்கும்போது அங்கே வேலை செய்பவர்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்து இருமுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆவியையும் புகையையும் இழுத்து வெளியே விட ஒரு பெரிய விசிறியும் டக்ட்டும் போடும் வேலை எங்களுக்கு வந்தது. எங்கள் பட்டறைக்கு அதுதான் முதல் பெரிய வேலை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சந்துப் பக்கம் புகையை விடக் கூடாது என்று அங்கே குடியிருந்தவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆகவே விசிறியைச் சாயப்பட்டறைச் சுவரில் வைத்து, அதற்கு அடுத்த அறையின் மூலையில் கூரையை ஒட்டி டக்ட்டைக் கொண்டுபோய், பின்பக்கத்துக் காலி மனையில் உயரமாகப் புகைபோக்கி வைத்தோம். அந்த அடுத்த அறைதான் சங்கத்தின் ஜரிகை அறை.

உங்களில் யாருக்காவது தெரியாமல் இருந்தால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விசிறிக்கு முன்னால் இருக்கும் டக்ட் உள்ளே இழுக்கும். அங்கே ஜாயின்ட் விட்டுப்போனால் வெளிக்காற்று உள்ளே போகும், இழுவை குறையும், அவ்வளவுதான். விசிறிக்குப் பின்னால் இருப்பது தள்ளும். அங்கே விட்டுப்போனால் உள்ளே இருப்பது வெளியே வரும். ஜரிகை அறையில் இருந்தது தள்ளும் பக்கம்.

அப்போது டேப்பும் கிடையாது, சிலிக்கானும் கிடையாது. இரண்டு துண்டையும் சேர்க்கும் விளிம்புகளுக்கு நடுவே கித்தான் துணிப் பட்டையை வைப்போம். சீமைச்சுண்ணாம்புப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து லப்பமாக்கி அதன்மேல் அப்பி, போல்ட்டை முடுக்குவோம். நன்றாகச் செய்தால் அது பல காலம் நிற்கும்.

வேலை முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். விசிறியின் பெல்ட் கத்துகிறது என்று சங்கத்திலிருந்து ஆள் வந்தது. காலையில் நான் மட்டும் சைக்கிளில் போனேன். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கோகிலா அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார்.

ஜரிகை அறைக்குப் பொறுப்பு அவர்தான். கணவர் அதே சங்கத்தில் நெசவாளராக இருந்து இறந்துபோனவர். அக்காவுக்குக் கண் கூர்மை, வாயும் கூர்மை. ஜரிகை சுற்றிய கண்டுகளை நெசவாளர்களுக்கு எடைபோட்டுக் கொடுப்பதும் மிச்சத்தைத் திரும்ப வாங்குவதும் அவர் வேலை. அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். அன்றைக்கு இல்லை.

“இன்னாக்கா, வெளிய நிக்கிறீங்க?”

“சாவிய வாங்கிக்கினாங்கபா. மத்தியானம் கமிட்டி கூட்டமாம். அதுல முடிவு பண்ணுவாங்களாம்.”

“இன்னா முடிவு?”

“நான் திருடியா இல்லியான்னு.”

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அறையில் இருந்த புது ஜரிகை கறுத்துப்போயிருந்தது. உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்கள். வெள்ளியில் குறை இல்லை. அப்படியென்றால் புதுச் சரக்கை எடுத்துவிட்டு, கிழிந்த புடவைகளிலிருந்து பிரித்த பழைய ஜரிகையைச் சுற்றி வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். சாவி அவரிடம் மட்டும்தானே இருந்தது. சங்கத்தின் செகரெட்டரி ஜரிகை அறையைப் பூட்டி, வேறு யாரும் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

“எல்லாக் கண்டும் கறுத்துடுச்சாக்கா?”

“அதத்தான் நானும் சொல்லிக்கினே இருக்கிறன், யாரு கேக்கிறாங்க? எல்லாம் இல்ல. மேல் தட்டுல இருக்கிறது மட்டுந்தான். அதுலயும் சுவத்தப் பாத்துக்கினு இருந்த பக்கம் கறுப்பு. இந்தப் பக்கம் பளபளன்னு இருக்குது. திருடறவ ஒரே கண்டுல பாதிய மட்டும் திருடுவாளாபா?”

மேல் தட்டு, சுவர்ப் பக்கம். அதற்கு நேர் மேலே எங்கள் டக்ட்டின் ஜாயின்ட் இருக்கிறது. வெள்ளியைக் கந்தகம் கறுக்க வைக்கும் என்று ஈயப்பற்று வைக்கிற எனக்குத் தெரியாமல் போகுமா?

நாற்றம் வந்திருக்குமே, ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கட்டடம் முழுக்கவே கந்தக நாற்றம்தான், எல்லோருக்கும் மூக்கு பழகிவிட்டது. போதாததற்கு ஜரிகை அறையில் பூச்சி வராமல் இருக்க அந்துருண்டையைக் கொட்டி வைத்திருப்பார்கள்.

அக்காவிடம் உடனே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் அறையைப் பார்க்கவில்லை. சொல்லி, அது இல்லையென்று ஆகிவிட்டால் அவர் இரண்டாவது தடவை உடைந்துபோவார். “அக்கா, வீட்டுக்குப் போயிடாதீங்க. கூட்டம் வரைக்கும் இங்கியே இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். பெல்ட்டை நான் தொடவே இல்லை.

பட்டறையில் முதலாளியும் பாஷா பாயும் இருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் பாஷா பாய் கையில் இருந்த கொட்டாப்புளி மரச்சுத்தியலைக் கீழே வைத்தார்.

“நான் போட்ட ஜாயின்ட்டுதான் அது” என்றார். “கீழயே லப்பம் அப்பித்தான் மேல ஏத்தினோம். சுவத்துல ஒரசிக்கினு போச்சு. துணி நகந்துடுச்சோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. கீழ் பக்கம் கை வச்சுப் பாத்தேன், காத்து வரல. அந்தப் பக்கம் கை நொழையாத எடம்பா.”

முதலாளிக்கு வேறு கவலை. ஊரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு டக்ட் போடுகிற வேலைக்கு எங்கள் பெயரும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதை நம்பி அவர் ஆள்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தார்.

“கூட்டம் முடியட்டும்பா” என்றார். “பெல்ட்ட மாத்தறோம்னு சொல்லி உள்ள போயி, நைசா அடச்சுட்டு வந்துடலாம். அப்புறம் ஒண்ணும் கறுக்காது இல்ல?”

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறவர் அப்படித்தான் முதலில் யோசிப்பார். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது. பழுது சரியாகிவிடும், யாருக்கும் கெட்ட பெயர் வராது என்று நினைத்தேன். பாஷா பாய்தான் தலையாட்டவில்லை.

“அடச்சுட்டா கறுக்காது மொதலாளி, வாஸ்தவம். ஆனா அப்போ ஊரு இன்னா சொல்லும்? அந்தம்மாவ வேலய விட்டு எடுத்தாங்க, உடனே கறுக்கிறது நின்னுடுச்சு பாருன்னு சொல்லும். நாம அடைக்கிற லப்பமே அதுக்குச் சாட்சி ஆயிடும்.”

முதலாளி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். “வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. அந்தம்மாவுக்கு வேண்டியவங்கன்னு சொல்லிடுவாங்க. கண்ணால காட்டணும். எப்படிக் காட்டுவீங்க?”

“சாம்பிராணி போடலாம்” என்றேன் நான். எங்கள் கோயிலில் பூசைக்குப் போடுவதும் சாம்பிராணிதான், பாஷா பாய் வியாழக்கிழமை தர்காவில் போடுவதும் அதுதான். சாயப்பட்டறையிலும் வெள்ளிக்கிழமைதோறும் போடுகிற தூபக்கால் இருந்தது. அங்கே புகையை டக்ட்டுக்குள் விட்டால், ஓட்டை இருந்தால் அது ஜரிகை அறையில் வந்தாக வேண்டும்.

நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது செகரெட்டரி கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார். “ஐயா, தப்பு எங்க டக்ட்டுல இருக்கலாம்னு தோணுது. கூட்டத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் குடுங்க. அறையத் தொறந்து வச்சிக்கினு எல்லாரும் பாருங்க.”

“அந்தம்மா உங்களண்ட வந்து அழுதுதா?” என்று கேட்டார் செகரெட்டரி.

“அழல. அவங்களுக்கு இது தெரியவே தெரியாது” என்றார் முதலாளி.

செகரெட்டரிக்கு விருப்பமில்லை. கூட வந்திருந்த கமிட்டிக்காரர்களில் ஒருவர், தெலுங்கு பேசும் வயதான நெசவாளர், “பாத்தா இன்னா குறைஞ்சுடப்போவுது? தொறங்க” என்றார். அறையைத் திறந்தார்கள். கோகிலா அக்காவையும் கூப்பிட்டார்கள். அவர் வாசற்படிக்கு உள்ளே வர மறுத்து நிலைப்படியிலேயே நின்றார்.

பாஷா பாய் சாயப்பட்டறைக்குப் போனார். தொட்டிகளுக்கு மேலே ஆவியை இழுக்க டக்ட்டோடு சேர்த்திருந்த புகைக் கூண்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றின் மூடிகளையெல்லாம் சாத்திவிட்டு, அந்த ஒரு கூண்டுக்கு அடியில் மட்டும் தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணியைக் கொட்டினார். “போட்டாச்சு” என்று அங்கிருந்து குரல் வந்தது.

நாங்கள் கூரை மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்த்தோம். டக்ட் பேசாமல் இருந்தது. செகரெட்டரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “இதுக்குத்தானா இவ்ளோ பேச்சு?” என்றார். முதலாளியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தன் பட்டறையின் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம் என்று அவர் நினைத்திருப்பார். கோகிலா அக்கா எங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். சோதனையில் நாம் எதிர்பார்த்தது வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். நாம் நினைத்தது தப்பாக இருக்கலாம். அல்லது சோதனையே சரியாக நடக்காமல் இருக்கலாம். பத்துப் பேர் முறைத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவதை யோசிப்பதற்கு மனம் நிற்காது. எனக்கும் நிற்கவில்லை. வெளியே போய்விடலாம் என்றுதான் காலைத் திருப்பினேன். அப்போது காதில் அந்தக் கிறீச் சத்தம் விழுந்தது. காலையில் எதற்காக என்னைக் கூப்பிட்டார்களோ, அது. பெல்ட் வழுக்கிக்கொண்டிருந்தது. மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் விசிறி பாதி வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. தள்ளுவதற்குப் பலமே இல்லை.

“ஐயா, விசிறி சரியா ஓடல. பெல்ட்ட இறுக்கிட்டு இன்னொரு தபா போடறோம்” என்றேன்.

“இன்னும் எத்தினி தபா?”

“ஒரே தபா.”

அவர் பதில் சொல்வதற்குள் ஓடினேன். மோட்டாரை நிறுத்தி, அடியில் இருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைப் பின்னால் தள்ளி மறுபடி முடுக்கினேன். அவசரத்தில் ஸ்பானர் நழுவி விரல் முட்டி கிழிந்தது. பெல்ட் வழுக்காமல் இருக்கப் பாஷா பாய் அதில் குங்கிலியப் பொடியைத் தூவினார். சுவிட்சைப் போட்டதும் விசிறி உறுமிக்கொண்டு எழும்பியது. பாஷா பாய் மிச்சமிருந்த சாம்பிராணி முழுவதையும் தணலில் கொட்டினார்.

நான் ஜரிகை அறைக்குத் திரும்பி வருவதற்குள் அந்தத் தெலுங்குக்காரப் பெரியவரின் குரல் கேட்டது. “பொக வஸ்தோந்தி. அதோ, பொக வஸ்தோந்தி.” புகை வருகிறது என்று அவர் தன்னையறியாமல் தாய்மொழியில் சொல்லிவிட்டார்.

டக்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இருட்டிலிருந்து வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. சுவரோடு ஒட்டி இறங்கி, நேராக மேல் தட்டில் வந்து படிந்தது. அந்துருண்டை வாசனையை அமுக்கிக்கொண்டு அறை முழுக்கச் சாம்பிராணி மணத்தது. முக்காலியில் ஏறி டக்ட்டின் கீழ்ப் பக்கம் கை வைத்துப் பார்த்தேன். பாஷா பாய் சொன்னபடி அங்கே காற்றே இல்லை.

முதலாளி செகரெட்டரியைப் பார்த்து, “தப்பு எங்களோடது. கறுத்த ஜரிகைக்கு எங்க பட்டறைதான் பொறுப்பு” என்றார்.

செகரெட்டரி கொஞ்சம் தடுமாறிவிட்டு, “சரிம்மா, நீ வேலையப் பாரு” என்று கோகிலா அக்காவிடம் சாவியை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

“நேத்து இதே எடத்துல, இவங்க முன்னாடி, என்னைப் புது ஜரிகைய எடுத்தவன்னு சொன்னீங்க. இதே எடத்துல இல்லன்னு சொல்லணும்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. செகரெட்டரியும் படித்தவர், மானமுள்ளவர். மென்று விழுங்காமல் சொன்னார். “நான் சொன்னது தப்பு. அவங்க எதையும் எடுக்கல.” அப்புறம்தான் அக்கா சாவியை வாங்கினார்.

அடுத்த நாளே அந்த அறையில் இருந்த டக்ட் முழுவதையும் இறக்கினோம். கமிட்டி கூடிப் பேசி, ஜரிகையைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா என்று விசாரித்தது. பெரும்பகுதியை மீட்க முடிந்தது, மீதிக்கு முதலாளி தவணை சொல்லி ஏற்றுக்கொண்டார். அந்த விவரத்துக்குள் நான் போகவில்லை. வேலையைச் சொல்கிறேன். இந்தத் தடவை பாஷா பாய் இரண்டு துண்டையும் தரையிலேயே சேர்த்தார். கித்தான் பட்டையை வைத்து முடுக்கிய பிறகு, வெளியே நான்கு பக்கமும் சுற்றி நான் ஈயப்பற்று வைத்தேன். அவ்வளவு நீளத்தைக் கதவு வழியாகக் கொண்டுபோக முடியாது. கூரை ஓடுகளைப் பிரித்து, கயிறு கட்டி மேலிருந்து இறக்கினோம். சுவரிலிருந்து ஒரு கை தாராளமாக நுழையும் அளவு தள்ளி நிறுத்தினோம். அது பார்க்க அழகாக இல்லை என்று செகரெட்டரி முணுமுணுத்தார். முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை.

இழுக்கும் பக்கத்தையும் விடவில்லை. சாயப்பட்டறைக்குள் ஒவ்வொரு ஜாயின்ட்டாக ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தோம். புகை எங்கெல்லாம் உள்ளே திரும்புகிறதோ அங்கெல்லாம் லப்பம் வைத்தோம். இழுவை கூடியது. ஆவி குறைந்தது. தொட்டியில் நூல் திருப்பிக்கொண்டிருந்த ஒரு சாயக்காரர், “இன்னாபா இது, எதிர் செவுரு தெரியுது” என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரி வேலை போய்விட்டது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கொஞ்சம் தாமதமாக வந்தது. அதைப் பேச ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “புகை போட்டுக் காட்டுவீங்களா?” என்பதுதான். அன்றிலிருந்து நான் ஓய்வுபெறும் வரை எந்த வேலையையும் புகை போடாமல் ஒப்படைத்ததில்லை. நீங்கள் இப்போது அழுத்தம் பார்க்கக் கருவி வைத்திருக்கிறீர்கள். பயன்படுத்துங்கள். அது எண் சொல்லும். எந்தப் பக்கம் உங்கள் கை எட்டவில்லை என்று அது சொல்லாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜரிகை அறை வேலை முடிந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஓடுகளை அடுக்கி, தரையைக் கூட்டி, ஒப்படைக்கத் தயாராக இருந்தோம். கோகிலா அக்கா வந்தார். முக்காலியைப் போட்டு ஏறி, சுவருக்கும் டக்ட்டுக்கும் நடுவே கையை விட்டு ஜாயின்ட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தார். இறங்கி, “புகை போடுங்க” என்றார்.

பாஷா பாய் போட்டார். விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செகரெட்டரி, அந்தத் தெலுங்குக்காரப் பெரியவர், முதலாளி, நான், வெளியில் நின்று எட்டிப் பார்த்த சாயக்காரர்கள் எல்லோரும் தலையைத் தூக்கி மூலையையே பார்த்தோம். பின்பக்கக் காலி மனையில் புகைபோக்கியின் வாயிலிருந்து சாம்பிராணி வெள்ளையாக எழும்பிப் போவதாக யாரோ ஓடிவந்து சொன்னார்கள். அறைக்குள் அந்துருண்டை வாசனை மட்டும் இருந்தது.

கோகிலா அக்கா அவசரப்படவில்லை. தணல் அவிந்துவிட்டது என்று பாஷா பாய் வந்து சொல்லும் வரைக்கும் நின்று பார்த்தார். அப்புறம் எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, புதுச் சரக்கை மேல் தட்டில் அடுக்க ஆரம்பித்தார்.